வாடை போய்ச் சோளகம் வரும்வரை

மயிலிட்டித் துறை வடக்குப் பார்த்தது. முன்னால் பாக்கு நீரிணை. அதைத் தாண்டி ஐம்பத்தைந்து கிலோமீற்றர் அளவில் கோடியக்கரை. முதுகுப் பக்கம் செம்மண் தோட்டங்களும் பனங்கூடல்களும் பலாலி விமான நிலையமும். எங்கள் ஊரின் காலநிலையை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர் முதலில் இந்த இருப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்று வங்கக் கடலைக் கடந்து வந்து துறையின் முகத்தில் அடிக்கும். அலை அணையில் மோதி உடையும் சத்தம் ஊருக்குள் கேட்கும். ஆனி, ஆடியில் சோளகம் முதுகுப் பக்கமாக வரும். கரையோரம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். நாலைந்து கிலோமீற்றர் வெளியே போனவருக்குத்தான் அந்தக் காற்றின் பலம் தெரியும். எஞ்சின் நின்றுபோனால் வாடை படகைக் கரைக்குத் தள்ளிவிடும். சோளகமோ கரையை விட்டு வெளியே, வங்காள விரிகுடாப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்.

இந்த இரண்டுக்கும் இடையில் வருகிற பங்குனியும் சித்திரையும் தனிக் கதை. காற்று காலையில் ஒரு பக்கம், பின்னேரம் ஒரு பக்கம், சில நாட்களில் எந்தப் பக்கமும் இல்லை. வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பிரித்திருக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மொன்சூன், மார்ச்சும் ஏப்ரலும் முதலாம் இடைமொன்சூன், மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் மொன்சூன், ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாம் இடைமொன்சூன். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்த காலமெல்லாம் இந்த நான்கையும் நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் மயிலிட்டிக் கடற்றொழிலாளி ஒருவரின் மகளாக எனக்குப் பெரிதாகப் படுவது இந்த முதலாம் இடைமொன்சூன்தான். கடல் பார்வைக்கு மிக நல்லதாக இருக்கும் மாதங்கள் இவை. ஆட்கள் முகிலைப் பார்க்காமல் தூரம் போவதும் இந்த மாதங்களில்தான்.

எல்லாம் வெயிலில் தொடங்குகிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் சூரியன் இலங்கையின் தென்முனையிலிருந்து வடமுனை வரை உச்சம் கொடுத்துக்கொண்டு வரும். ஏறத்தாழ ஏப்ரல் 5 ஆம் திகதி தெற்கில் தொடங்கி, புத்தாண்டை ஒட்டி 14, 15 ஆம் திகதிகளில் எங்கள் பக்கம் வந்து சேரும். எந்த நாளில், எந்தெந்த ஊருக்கு நேர் மேலே, மத்தியானம் எத்தனை மணிக்கு என்று திணைக்களம் நாள்தோறும் ஊர்ப்பெயர்களோடு அறிவிக்கும். மயிலிட்டிக்கு அது 12.10 மணியளவில். அந்த நேரம் முற்றத்தில் ஒரு தடியை நட்டுப் பாருங்கள், நிழல் தடியின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். என் வகுப்புப் பிள்ளைகள் புத்தாண்டு விடுமுறைக்குப் போகும்போது நான் கொடுத்த வேலைகளில் இது ஒன்று.

சூரியன் உச்சிக்கு வரும்போது அதன் பின்னால் அயன இடை ஒருங்கல் வலயமும் வடக்கே நகர்ந்து வருகிறது. பூமியின் வடபாதிக் காற்றும் தென்பாதிக் காற்றும் வந்து சேர்ந்து மேலே எழும்புகிற பட்டை அது. அந்தப் பட்டை இலங்கைக்கு மேலே நிற்கும்வரை பெருங்காற்று எதுவும் கிடையாது. பெருங்காற்று விலகிக்கொண்டால் உள்ளூர்க் காற்றுகள் தலையெடுக்கும். யாழ்ப்பாணக் குடாநாடு ஒடுங்கியது, மேடு பள்ளம் இல்லாதது. காலை பத்து மணிக்குப் பிறகு தரை சுடத் தொடங்க, வடக்கே பாக்கு நீரிணையிலிருந்து ஒரு கடற்காற்று, தெற்கே நீரேரிப் பக்கமிருந்து இன்னொரு காற்று உள்ளே வருகின்றன. இரண்டும் முட்டும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மேலே போன ஈரக்காற்று குளிர்ந்து திரள்முகிலாகிறது. பாக்கு நீரிணையின் தண்ணீர் அந்த நாட்களில் 30 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்கும் என்பதால் ஈரத்துக்குக் குறைவில்லை. பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்குள் அந்த முகில்களில் சில பன்னிரண்டு, பதினைந்து கிலோமீற்றர் உயரத்துக்கு வளர்ந்து இடிமுகிலாகி நிற்கும். புத்தகத்தில் இதற்கு வெப்பச்சலன மழை என்று பெயர். ஊரில் சித்திரைக் குழப்பம் என்பார்கள்.

என் குஞ்சியப்பு எழுபதைக் கடந்தவர். இப்போது கடலுக்குப் போவதில்லை. ஆனால் துறைமுகத்து மதிலோரம் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைப் பொத்திக் கொடுப்பார். ஒரு சித்திரை நாள் மத்தியானம் அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். காலையிலிருந்து வீசிய சிறு கடற்காற்று திடீரென்று நின்றுபோனது. படகுகளில் கட்டியிருந்த கொடித்துணிகள் தொங்கிவிட்டன. அவர் ஊசியை வலையில் குத்திவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை, காத்து விழுந்திட்டுது. தெற்கை ஒருக்கால் பார்."

தெற்கே, தெல்லிப்பழைப் பக்கம், முகில் ஒன்று சுண்ணாம்பு வெள்ளையாக எழும்பி நின்றது. அடி மட்டும் ஈயநிறம். உச்சி ஒரு பக்கமாகச் சரிந்து விரிந்திருந்தது.

"மழை வருமோ குஞ்சியப்பு?"

"மழை அங்கை பெய்யும், இஞ்சை பெய்யாது. அதை ஆர் கண்டது? காத்து வரும். அதுதான் நான் பாக்கிறது."

சொல்லிச் சிறிது நேரத்தில் பிடரியில் குளிர்ந்த காற்று ஒன்று பட்டது. அதுவரை வேர்த்துக்கொண்டிருந்த உடம்பு சிலிர்த்தது. அடுத்து வந்தது புழுதி. பனையோலைகள் ஒரே பக்கமாகப் புரண்டன. துறைக்கு வெளியே தண்ணீரில் ஒரு கரிய பட்டை கரையிலிருந்து கடலை நோக்கி ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். பட்டை போன இடமெல்லாம் வெள்ளைநுரை கிளம்பியது. வெளியே நின்ற இரண்டு சிறு படகுகள் அதற்கு முன்பே வலையை அரைகுறையாக ஏற்றிக்கொண்டு திரும்பியிருந்தன. நேர் எதிர்க்காற்றில் அவை துறைக்குள் வந்து சேர்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்கள். எல்லாம் கடல் தண்ணீர். மயிலிட்டியில் சிதறலாக நாலு துளிதான் விழுந்தது. ஆறேழு கிலோமீற்றருக்கு அப்பால் தெல்லிப்பழையில் அதே நேரம் ஒழுங்கையில் வெள்ளம் ஓடியதாகப் பிறகு சொன்னார்கள்.

குஞ்சியப்பு பார்த்த அந்தக் காற்றுக்குக் காரணம் தெளிவானது. இடிமுகிலிலிருந்து விழும் மழையில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று பாரமானது. அது அப்படியே கீழே விழுந்து, தரையில் மோதி, நாலா பக்கமும் பரவுகிறது. மழை விழும் இடத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீற்றர் முன்னாலும் அது ஓடிவிடும். அதனால்தான் தலைக்கு மேலே வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே கடல் புரளுகிறது. முகில் தெற்கே தரைக்கு மேலே நின்றால் இந்தக் காற்று மயிலிட்டிப் படகைக் கரையிலிருந்து வெளியே தள்ளும். பத்துநிமிடமோ அரைமணியோதான் நிற்கும். பதினெட்டு, பத்தொன்பது அடிப் பிளாஸ்ரிக் படகுக்கு அது போதும்.

இப்போது அறிவித்தலுக்கு வருகிறேன். கடற்பரப்புகளுக்கான வானிலை கொழும்பிலிருந்து வருகிறது. காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரை, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை என்று நீண்ட கரைகளை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வார்கள். சித்திரை மாதத்தில் பெரும்பாலும் காற்று மாறுபட்ட திசைகளில், மணிக்கு 20 முதல் 30 கிலோமீற்றர், கடல் ஓரளவு அமைதி என்றிருக்கும். இவ்வளவோடு வானொலியை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். எங்களுக்கு முக்கியமானது அதற்குப் பிறகு வரும் கடைசி வசனம்: இடியுடன் கூடிய மழை பெய்யும் வேளையில் அந்த இடங்களில் காற்று தற்காலிகமாக மணிக்கு 70, 80 கிலோமீற்றர் வரை கூடலாம், கடல் கொந்தளிக்கலாம் என்பது. அது தினமும் ஒரே மாதிரி வருகிறது என்று ஆட்கள் அதைக் காதில் வாங்குவதில்லை. அன்று மதில் ஓரத்தில் நான் கண்டது அந்தக் கடைசி வசனத்தைத்தான்.

சரியாக எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று ஏன் சொல்ல முடியவில்லை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உலகத்தில் மிகத் திறமையானவற்றில் ஒன்றாக மதிக்கப்படும் ஐரோப்பிய வானிலை மாதிரி, பூமியை ஒன்பது கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஒரு சித்திரை இடிமுகிலின் அகலமே ஐந்து, பத்துக் கிலோமீற்றர்தான். அதன் ஆயுள் ஒரு மணித்தியாலம் அளவு. கட்டத்துக்குள் அடங்கிப்போகும் முகிலை அந்தக் கணக்கு தனியாகக் காணாது. மார்கழியில் வங்கக் கடலில் உருவாகும் தாழமுக்கத்தின் அகலம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அதை நாட்களுக்கு முன்பே காணலாம். ஆகவே வடக்கில் சில இடங்களில் பின்னேரம் இடிமழை என்று திணைக்களம் சொன்னால், அந்தப் பருவத்தில் முதல்நாள் உண்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவே. மழுப்பல் என்று அதை இளக்காரம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மிச்சத்தை, அந்த இடத்தில் நிற்கிறவர்தான் அந்த நேரத்தில் பார்க்கவேண்டும்.

பார்ப்பதற்கு இப்போது நல்ல கருவி ஒன்றும் இருக்கிறது. கடலுக்கு அக்கரையில், காரைக்காலில், இந்திய வானிலைத் துறையின் டொப்ளர் ராடர் நிற்கிறது. மயிலிட்டியிலிருந்து அது சுமார் 125 கிலோமீற்றர். குடாநாடு முழுவதும் அதன் பார்வைக்குள் வருகிறது. பழுதில்லாத நாட்களில் அதன் படங்களை எவரும் இலவசமாகக் கைப்பேசியில் பார்க்கலாம். மழை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அடுத்தடுத்த படங்களில் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா வடக்கு, கிழக்குக்கென்று தமிழில் எழுதும் முன்னறிவிப்புகளையும் ஏராளமானோர் வாசிக்கிறார்கள். விவசாயியும் கடற்றொழிலாளியும் விளங்கிக்கொள்ளும் மொழியில் காரணத்தோடு எழுதுகிறார். அது பெரிய தொண்டு.

ஆனால் கைப்பேசி சிக்னல் கரையை விட்டு எவ்வளவு தூரம் வரும்? அதற்கு அப்பால் கண்ணும் தோலும்தான். அந்த இடத்தில் மயிலிட்டிக்கு ஒரு பெரிய இழப்பு நேர்ந்திருக்கிறது, அதை வெளியூர்க்காரர் பலர் அறியமாட்டார்கள். 1990 ஜூன் நடுப்பகுதியில் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. துறைமுகமும் அதைச் சுற்றிய 54 ஏக்கர் காணியும் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலை 3 ஆம் திகதி. நடுவில் 27 ஆண்டுகள். மல்லாகம் கோணாப்புலம் முகாமிலும் பருத்தித்துறைப் பக்கத்திலும் இன்னும் எங்கெங்கோவும் எங்கள் சனம் இருந்தது. தொழிலுக்குப் போனவர்கள் பிறர் கரைகளிலிருந்து போனார்கள். போர்க்காலத்தில் எத்தனை மணிக்குப் போகலாம், எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும், எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் காவலரணில் தீர்மானித்தார்கள். காற்றைப் பார்த்து நேரம் குறிக்கிற பழக்கமே அற்றுப்போனது.

இதன் விளைவை நான் இளம் ஆட்களிடம் காண்கிறேன். கைப்பேசியில் காற்றுப் படத்தை எங்களை விட வேகமாக வாசிக்கிறார்கள். எந்தப் பாரில் எந்த மீன் என்று ஓரளவு படித்துவிட்டார்கள். தெற்கே பலாலிப் பக்கம் முகில் எழும்பினால் எவ்வளவு நேரம் மிச்சம், கிழக்கே வல்வெட்டித்துறைப் பக்கம் மின்னினால் கிழக்குக் காற்றான கொண்டல் எப்படித் திரும்பும் என்பவை தகப்பனுடன் படகின் அணியத்தில் இருந்து படிக்கவேண்டிய பாடங்கள். அந்தத் தகப்பன்மாருக்கு மயிலிட்டிக் கடல் 27 ஆண்டுகள் கிடைக்கவில்லை. குஞ்சியப்புவின் வயதுக்காரர் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இன்று முடியும். பத்து ஆண்டு கழித்து முடியாது.

இந்தப் பருவத்தில் புயலும் வரும் என்பதை மறக்கக்கூடாது. வங்காள விரிகுடாவுக்கு ஆண்டில் இரண்டு புயற்காலம். ஒன்று ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, மற்றது ஏப்ரல், மே. 2019 ஏப்ரல் கடைசியில் இலங்கைக்குக் கிழக்கே உருவான ஃபானி வடக்கே திரும்பி மே 3 ஆம் திகதி ஒடிசாவில் பூரிக்கு அருகே கரையைக் கடந்தது. 2022 மார்ச் முதல் வாரத்தில், அந்த மாதத்தில் மிக அரிதாக வருகிற ஆழ்ந்த தாழமுக்கம் ஒன்று இலங்கையின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் தமிழ்நாட்டை நோக்கி நகர்ந்தது. ஃபானி நேரம் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லி ஒன்றும் வரவில்லையே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இரண்டு நாள் முன்பு சொல்லும் புயற்பாதை நூறு கிலோமீற்றர் அங்கே இங்கே விலகுவது சாதாரணம். மயிலிட்டிக்கும் கோடியக்கரைக்கும் இடையிலுள்ள கடல் அதில் பாதி அகலம்தான். அப்படியான நேரத்தில் படகைக் கரையில் ஏற்றி வைத்தவர் இழந்தது இரண்டு நாள் உழைப்பு.

கரையில் இருப்பவர்களையும் சித்திரை சும்மா விடுவதில்லை. செம்மண் தோட்டங்களில் வெங்காயம் கிண்டிப் பிடி கட்டும் வேலை பங்குனி, சித்திரையில் நடக்கும். கிண்டின வெங்காயத்தில் ஒரு மழை பட்டால் அழுகல் தொடங்கிவிடும். கருவாடு காயப்போட்டவர்களுக்கும் அதே அந்தரம். வேம்பு பூக்கும் காலமும் இதுதான். உழுந்தும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து வேப்பம்பூ வடகம் தட்டி, ஓலைப்பாயில் பரப்பி வைத்திருப்பார்கள். மூன்று நாலு நாள் நல்ல வெயில் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா, காலை ஒன்பது மணிக்கே முற்றத்துக்கு வந்து தெற்கு வானத்தைப் பார்ப்பார். அந்த நேரத்திலேயே முகில் கோபுரமாக எழும்பத் தொடங்கினால் பாயை விரிக்கமாட்டார். வெள்ளன எழும்பும் முகில், காற்றில் ஈரம் நிறைய இருப்பதற்கு அடையாளம். அவர் செய்வது முறையான வானிலை அவதானம்தான்.

மின்னலைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். இலங்கையில் மின்னல் மிக அதிகமாக விழும் மாதங்களில் ஏப்ரல் முன்னுக்கு நிற்கிறது. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் முகில் பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது. அடுத்த மின்னல் உங்கள் தலைமேல் விழக்கூடிய தூரம் அது. திறந்த கடலில் படகும் அதிலிருக்கும் ஆளும்தான் உயரமான பொருட்கள். கரைக்கு வர முடியாவிட்டால் கொடிக்கம்பைச் சாய்த்துவிட்டு, நனைந்த கயிற்றையும் இரும்பையும் விட்டு, படகின் நடுவில் குந்தி இருங்கள். கரையில் இருப்பவர்கள் தனிப்பனைக்குக் கீழே ஒதுங்கவேண்டாம். ஓலை வாடியும் பாதுகாப்பில்லை, கல்வீட்டுக்குள் போங்கள்.

இனித் துறைக்கு வருகிறேன். 2019 ஓகஸ்ற்றில் புனரமைத்த துறைமுகம் திறக்கப்பட்டது. 2025 செப்ரெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அதன் மூன்றாம் கட்ட வேலைகளைத் தொடக்கி வைத்தார். அணையும் இறங்குதுறையும் வேண்டியவைதான். பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகள் துறைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதற்கும் முடிவு வரவேண்டும். சித்திரைக் காற்றுக்கு ஓடிவரும் படகு உடனே ஒதுங்க இடம் தேடுகிறது. இவற்றோடு நான் கேட்பது சிறிய செலவில் முடிகிற மூன்று காரியங்கள். படகு எடுக்கப் போகிற ஒவ்வொருவரும் காணும் இடத்தில் ஒரு பலகை வைத்து, அன்றைய கடல் வானிலையை, அந்தக் கடைசி வசனம் உட்பட, தமிழில் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். பக்கத்தில் ஒரு காற்றுமானியும் மழைமானியும் நிறுத்தி, ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு நாள்தோறும் குறிக்கவேண்டும். அந்தக் கொப்பியிலேயே மூத்தவர்கள் சொல்லும் காற்றுக் குறிப்புகளையும் எழுதவேண்டும்.

கடற்றொழிலாளர் சங்கம் மனம் வைத்தால் அடுத்த பங்குனிக்கு முன் இதைத் தொடங்கலாம். அதுவரை கடலுக்குப் போகிற தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். உயிர்காப்பு அங்கியைப் படகின் மூலையில் போடாமல் உடம்பில் போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். மத்தியானம் காற்று விழுந்து, தெற்கே முகில் எழும்பினால், வலை பாதியில் கிடந்தாலும் திரும்பி வாருங்கள்.